காடு, தோட்டம், பூங்கா

ஆமத்தூர்க் கரிசலில் ‘தோட்டம்’ என்றால் கிணறு வெட்டி இறைக்கிற நிலம். மானாவாரிப் புஞ்சைக்குப் பெயர் ‘காடு’. மரமில்லாத இடத்தைக் காடு என்றும் பூவில்லாத இடத்தைத் தோட்டம் என்றும் சொல்லி வளர்ந்தவன் நான். உதகமண்டலத்து அரசினர் தாவரவியல் பூங்காவில் முதல் தடவை நுழைந்தபோது எனக்கு ஏற்பட்டது சந்தோஷம் அல்ல, ஒருவிதக் கூச்சம். கையில் சீட்டு இருந்தும் யார் வீட்டு முற்றத்திலோ நிற்பது போலிருந்தது. புல்லை மிதிக்காமல் ஓரமாகவே நடந்தேன்.

அந்தக் கூச்சத்துக்குச் சரித்திரக் காரணம் உண்டென்று பிறகு தெரிந்தது. மலையில் குடியேறிய வெள்ளைக்காரர்களுக்குச் சீமைக் காய்கறி மலிவாக வேண்டியிருந்தது. 1845 வாக்கில் மாதம் 3 ரூபாய் சந்தா போட்டு ஒரு காய்கறித் தோட்டம் நடத்திப் பார்த்தார்கள், நிலைக்கவில்லை. கவர்னர் ட்வீட்டேல் பிரபுவின் ஆதரவில் கமிட்டி அமைந்து, 1848இல் லண்டன் கியூ தோட்டத்தில் பயின்ற வில்லியம் கிரஹாம் மக்கைவர் வந்து சேர்ந்தார். காடும் சதுப்புமாகக் கிடந்த சரிவை அவர் அடுக்கடுக்காகத் திருத்தி முடிக்கப் பத்து வருஷம் போலாயிற்று. ஆக, அழகுக்கு முன்னால் இருந்தது முட்டைக்கோஸ். பூங்காவின் மேல்கோடியில் தோடர் மந்து ஒன்று இருக்கிறது. வந்தவர்கள் அதையும் ஒரு அபூர்வச் செடியைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு இறங்குகிறார்கள். லத்தீன் பெயர்ப்பலகை ஒன்றுதான் குறை.

‘பொது’ என்பது அவர்கள் நாட்டிலேயே அப்போது புதிய எண்ணம்தான். டெர்பி நகரில் பஞ்சாலைக் குடும்பத்து ஜோசப் ஸ்ட்ரட் கொடுத்த தோட்டம் திறக்கப்பட்டது 1840இல். ஆரம்பத்தில் வாரம் இரண்டு நாள்தான் இலவசம், மற்ற நாளில் கட்டணம். கியூ தோட்டம் அரச குடும்பத்திடமிருந்து தேசத்தின் கைக்கு வந்ததும் அதே வருஷம். நம்மிடம் இருந்தது நந்தவனம். அதன் பூ சாமிக்கு. பறிக்கிறவன்கூட முகர்ந்து பார்க்கக் கூடாது. எங்கே யாருக்கு அதிக உரிமை இருந்தது என்று சுலபமாகத் தீர்ப்புச் சொல்லிவிட எனக்குத் துணிவில்லை.

ஆனால் இந்தத் தோட்டங்களின் முக்கியமான வேலை காட்சி அல்ல, இடமாற்றம். மக்கைவரின் பெயர் நிலைத்தது ரோஜாவால் அல்ல. 1860இல் மார்க்கம் தென்னமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த சிங்கோனாவை நீலகிரியில் பயிராக்கிக் காட்டியவர் அவர். மலேரியாவுக்கு மருந்து, சாம்ராஜ்யத்தின் சிப்பாய்களுக்கு ஆயுள். செடியை வேரோடு பெயர்த்துக் கடல் தாண்டி நடலாம், நட்டால் நிலம் கட்டுப்படும் என்கிற நம்பிக்கை அந்தக் காலத்து அதிகாரிகளிடம் ஏறக்குறைய மதமாகவே இருந்தது.

மக்கைவர் இறந்தது 1876இல். அதே வருஷம் சென்னை மாகாணத்தின் வடபகுதி வன அதிகாரி பெடோம், வறண்ட நிலத்துக்கு ஏற்றதென்று அமெரிக்கக் கண்டத்து மரம் ஒன்றின் விதை கேட்டு அரசாங்கத்துக்கு எழுதினார். 1877இல் அது கடப்பைப் பக்கம் ஊன்றப்பட்டது. தாது வருஷப் பஞ்சம் ஜனங்களைக் கொன்றுகொண்டிருந்த காலம் அது. அந்த மரம்தான் நமது சீமைக்கருவேல்.

எங்கள் பக்கத்தில் இதைக் காமராஜர் கொண்டுவந்து தூவியதாகச் சொல்வார்கள். சிலர் நன்றியோடு சொல்வார்கள், பலர் வசவாக. காமராஜர் பிறந்தது 1903இல். மரம் அவருக்குக் கால் நூற்றாண்டு மூத்தது. பிற்பாடு பரப்பியதில் அரசுகளுக்குப் பங்கு உண்டு என்பது வேறு விஷயம். பெயர் தெரிந்த சொந்த ஊர்க்காரர் தலையில் எதையும் கட்டுவது சௌகரியம். பெடோமை யாருக்குத் தெரியும்?

பூங்காவில் ஒவ்வொரு மரத்துக்கும் பலகை, வேலி, தோட்டக்காரர். இங்கே ஆடு நெற்றைத் தின்று புழுக்கையில் விதை போடுகிறது, தோட்டக்கலை அவ்வளவுதான். கண்மாய்க்குள் நீர் நிற்கவேண்டிய இடமெல்லாம் அதுதான் நிற்கிறது. பட்டாசு ஆலைக்குப் பஸ் ஏறுகிறவர்கள் அதன் ஓரத்தில்தான் காத்திருக்கிறார்கள், நிழல் என்று சொல்லமுடியாத நிழலில். முள் தைத்தால் கால் நாலு நாள் கடுக்கும்.

வேரோடு அழிக்கவேண்டும் என்று 2017இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவை ஒட்டி எங்கும் பேச்சாக இருந்தது. நானும் ஆமோதித்துக்கொண்டுதான் ஊருக்குப் போனேன். கண்மாய்க்கரையில் ஒருவர் கரிமூட்டத்துக்கு மண் பூசிக்கொண்டிருந்தார். மழை பொய்த்த வருஷங்களில் வீட்டில் உலை வைத்தது இதை வெட்டித்தான் என்றார். இது எந்தச் சீமையிலிருந்து வந்தது தெரியுமா என்று ஆரம்பித்தேன். “தள்ளி நில்லுங்க தம்பி, புகை அந்தப் பக்கந்தான் திரும்பும்” என்றார்.