சுழியோடிகளின் வளியுருளைகளும் அவற்றின் பொறிப்புக்களும்

கல்வெட்டும் செப்பேடும் நாணயமுமே வரலாற்றாசிரியர்க்குரிய பொறிப்பு மூலங்கள் எனப் பலரும் கருதுவர். ஆயின், இயந்திரத் தொழிற் காலத்திற் செய்யப்பட்ட பொருள்கள் பலவும் தாம் பிறந்த இடத்தையும் ஆண்டையும் தம்மேலே தாங்கியுள்ளன. கடலடியிற் சுழியோடுவோர் முதுகிற் சுமந்து செல்லும் வளியுருளை அவற்றுள் ஒன்று. அதன் கழுத்தையடுத்த தோட்பகுதியிற் பொறிக்கப்பட்ட எழுத்துக்களையும் எண்களையும் முறையாகப் படிப்போர், அது எவ்விதியின்படி, எப்போது செய்யப்பட்டது என்பதை அறியலாம். பழைய உருளையொன்றைக் கைக்கொள்வோர்க்கு இவ்வறிவு வெறும் ஆராய்ச்சியின்பம் அன்று. நிரம்பிய உருளையினுள் வளிமண்டல அமுக்கத்தைப்போல் 150 மடங்குக்கு மேற்பட்ட அமுக்கம் அடைபட்டுள்ளது. உலோகம் தளர்ந்து அது வெடிக்குமாயின், அருகில் நிற்போர் உயிர் பிழைத்தல் அரிது.

சுழியோடிக்கு வேண்டிய வளியை, அவன் இருக்கும் ஆழத்துக்கேற்ற அமுக்கத்தில் வழங்கும் கருவியைப் பிரான்ஸ் நாட்டினரான ஜாக் கூஸ்தோ என்னும் கடற்படை அலுவலரும் எமில் காஞான் என்னும் பொறியியலாளரும் 1943 இல் உருவாக்கினர். ‘அக்குவாலங்’ எனப்பட்ட அது, இரண்டாம் உலகப் போரின்பின் பல நாடுகளிலும் பரவிற்று. 1956 இல் ஆதர் சி. கிளாக்கும் மைக் வில்சனும் திருக்கோணமலைச் சுவாமி மலையடியிற் கடலுள் இறங்கி, 17 ஆம் நூற்றாண்டிற் போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் தூண்களைக் கண்டதும் இத்தகைய கருவியின் துணைகொண்டே. அக்காலத்தில் அமெரிக்க நாட்டிற் பெருவழக்காயிருந்தவை உருக்குருளைகள். அவற்றின் பொறிப்பை முதற்கண் நோக்குவாம்.

‘ஐ. சி. சி. 3ஏஏ 2250’ என்பது அவ்வுருளைகளிற் பெரும்பாலும் காணப்படும் முதல் வரி. முதல் மூன்றெழுத்தும் மாநிலங்களுக்கிடையிலான வணிகத்தைக் கண்காணிக்க 1887 இல் நிறுவப்பட்ட ஆணைக்குழுவைக் குறிப்பன. அமுக்கிய வாயுக்களை ஏற்றிச் செல்லும் உருளைகளுக்கு விதி வகுத்தது அவ்வாணைக்குழுவே. 1967 இல் இப்பொறுப்பு புதிதாய் அமைந்த போக்குவரத்துத் திணைக்களத்தைச் சேர்ந்தமையின், சில ஆண்டுகளுள் ‘டி. ஓ. ரி.’ என்னும் எழுத்துக்கள் அவ்விடத்தைப் பெற்றன. காசின் முகத்தில் உள்ள மன்னன் பெயர் காசின் காலத்தைக் காட்டுமாறு போல, இம்மூன்றெழுத்தும் உருளையின் காலத்துக்கு ஓர் எல்லை வகுக்கின்றன. மன்னன் மறைந்தபின் காசு செல்லாதொழிதல் உண்டு. ஆனால், 1995 இல் அவ்வாணைக்குழு முற்றாக ஒழிந்தபோதும் அதன் பெயர் தாங்கிய உருளைகள் செல்லாதனவாகவில்லை. சோதனையில் தேறின் அவை இன்றும் ஏற்கப்படும்.

அடுத்து வரும் ‘3ஏஏ’ வன்மை மிக்க கலப்புருக்கைக் குறிக்கும். ‘3ஏ’ என இருப்பின் அது காபன் உருக்கு வகையினது. ‘2250’ என்பது சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல் என அனுமதிக்கப்பட்ட அமுக்கம். தொடரெண், செய்தோர் குறி, பரிசோதகர் குறி என்பன அதனைச் சார்ந்து நிற்கும்.

பொறிப்புக்களுள் மிக முக்கியமானவை தேதிகளாம். ‘6’, ‘62’ என்னும் எண்களிடையே பரிசோதகர் குறியொன்று காணப்படின், 1962 யூன் மாதத்தில் அவ்வுருளை முதன்முதற் சோதிக்கப்பட்டது என்பது பொருள். அதன்பின் ஐந்தாண்டுக்கொருமுறை மறுசோதனை நடைபெறல் வேண்டும். உருளையை நீரால் நிரப்பி, நீர் கொண்ட உறையொன்றினுள் வைத்து, அனுமதிக்கப்பட்ட அமுக்கத்தின் மூன்றில் இரண்டு பங்கு மேலதிகமாக, அஃதாவது 2250 க்கு அன்றி 3750 க்கு, அமுக்குவர். உலோகம் எவ்வளவு விரிந்தது, அமுக்கம் நீங்கியபின் எவ்வளவு பழைய நிலைக்கு மீண்டது என அளப்பர். மீளாது நின்ற விரிவு, மொத்த விரிவின் நூற்றுக்குப் பத்து வீதத்தை மிஞ்சின் உருளை தள்ளப்படும். தேறிய உருளை புதிய தேதியொன்றைப் பெறும். தள்ளப்பட்டதன் முதல் வரிமேல் பெருக்கற்குறிகள் வரிசையாக அடிக்கப்படும். அவ்வாறு சிதைக்கப்பட்ட வரியைக் கண்டோர், உருளை புறத்தே எத்துணைப் பொலிவுடன் இருப்பினும் அதனை நிரப்ப முயலலாகாது.

தேதியின் பின் கூட்டற்குறி இருப்பதும் உண்டு. அஃது அனுமதிக்கப்பட்ட அமுக்கத்தின்மேற் பத்திலொரு பங்கு கூட்டி, 2475 வரை நிரப்பலாம் என்னும் உரிமையைக் குறிக்கும். ‘72 கன அடி’ எனப் பெயர்பெற்ற உருளை உண்மையிற் கொள்வது 71.2 கன அடி. அதுவும் அவ்வுயர்ந்த அமுக்கத்திலேயே. 2250 அளவில் அது ஏறக்குறைய 65 கன அடியே கொள்ளும். இவ்வுரிமை உருளையின் பிறப்புரிமை அன்று. ஒவ்வொரு மறுசோதனையிலும் அது புதிதாகப் பெறப்படல் வேண்டும். ஆதலின் 1962 இன் பின்னுள்ள கூட்டற்குறியைக் காட்டி இன்று மிகையாக நிரப்புதல் தவறாகும்.

இதுகாறுங் கூறியவை பொறிப்பு வெளிப்படையாய் உரைப்பன. அது உரையாது விடுவனவும் உள. அவற்றுள் தலையாயதற்கு அலுமினிய உருளை தக்க சான்றாகும். 1970 ஐ அடுத்த ஆண்டுகளில் அமெரிக்காவிற் பரவிய இவ்வுருளைகள், முதலிற் சிறப்பு அனுமதி எண்ணாகிய ‘6498’ ஐத் தாங்கின. பின்னர் ‘3ஏஎல்’ என்னும் வகுப்புப் பெயர் பெற்றன. அமெரிக்க லக்ஸ்பர் தொழிலகம் 1988 இன் நடுப்பகுதிவரை 6351 எனப்படும் கலப்புலோகத்தைக் கையாண்டு, பின்னர் 6061 என்பதற்கு மாறிற்று. 6351 ஆற் செய்த உருளைகள் சிலவற்றில், நெடுங்காலம் அமுக்கத்தைத் தாங்கியதன் விளைவாகக் கழுத்துப் புரியின் அருகே வெடிப்புக்கள் தோன்றி மெல்ல வளர்ந்தன. சில உருளைகள் நிரப்பும்போதே வெடித்து மக்களுக்குக் கேடு விளைத்தன.

அக்கலப்புலோகத்தின் பெயரோ ‘3ஏஎல்’ என்னும் பொறிப்பில் இல்லை. செய்தோர் குறியையும் முதற் தேதியையும் ஒருங்கு நோக்கி, அத்தொழிலகத்தின் வரலாற்றோடு பொருத்திப் பார்ப்போர்க்கே அது புலனாகும். 2007 முதல் அமெரிக்க விதிகள், 6351 ஆலான சுழியோட்ட உருளைகளின் கழுத்தை ஐந்தாண்டுச் சோதனையின்போது மின்சுழலோட்டக் கருவியாலும் ஆராய வேண்டும் எனப் பணித்தன. உருளையின் காலத்தைப் பிழையாகக் கணிப்போர் இச்சோதனையின் தேவையையே உணராது போவர்.

பொறிப்பு உரையாத மற்றொன்று உருளையின் உட்புறம். ஈரவளியால் நிரப்பப்பட்ட உருக்குருளை உள்ளே துருப்பிடிக்கும். துரு சுவரை அரிப்பதோடு அடைபட்ட வளியிலுள்ள ஒட்சிசனையும் உண்ணும். பல்லாண்டு மூடிக்கிடந்த உருளையின் வளியைச் சுவாசிப்பவன், அமுக்கமானி நிறைவைக் காட்டவும், உணர்விழத்தல் கூடும். உட்பூச்சுப் பூசிய பழைய உருளைகளில், அப்பூச்சே துருவை மறைத்துவிடுதலும் உண்டு. ஆகவே வால்வைக் கழற்றி உள்ளே விளக்கொளி செலுத்தி நோக்காது, தேதிகளை மட்டும் நம்புதல் அறிவுடைமை அன்று. தேதிகளிடையே காணும் நீண்ட இடைவெளியும் அவ்வாறே ஆராயத்தக்கது. அக்காலத்தில் உருளை வாளா கிடந்ததோ, சோதனையின்றி வழங்கியதோ என்பதைப் பொறிப்பினின்று துணிதல் இயலாது.

மூலமொன்று தான் பொறிக்கப்பட்ட நாளுக்கே சாட்சி என்பது வரலாற்றுக் கல்வியின் பாலபாடம். கோயிலுக்கு நிலம் கொடுத்த செய்தியைக் கூறும் கல்வெட்டு, அந்நிலம் இன்றும் கோயிலுக்கு உரியது என்பதற்குச் சான்றாகாது. வளியுருளையின் பொறிப்பும் அத்தகையதே. அதன் பிறப்பையும் இயல்பையும் பொறிப்பால் அறிக. இன்றைய வலிமையைச் சோதனையால் அறிக. இவ்விரண்டும் பொருந்திய வழியே பழைய உருளையொன்றினைச் சுழியோடி நம்பித் தோளிற் சுமத்தல் தகும்.