பலங்கிகா மணிகள்

பலங்கிகா மணிகள் பிலிப்பைன்ஸின் சாமர் தீவிலுள்ள பலங்கிகா ஊர்த் தேவாலயத்தின் மூன்று வெண்கல மணிகள். 1901இல் அமெரிக்கப் படையினர் வெற்றிச் சின்னமாக எடுத்துச் சென்ற இவை 2018இல் ஊர் திரும்பின. இரண்டு மணிகளில் 1853, 1889 என்ற ஆண்டுகள் உள்ளன. மூன்றாவதுதான் சிறியது. பெர்னார்டோ அபாரிசியோ பங்குத்தந்தையாக இருந்தபோது, 1895இல், அது மறுபடி உருக்கி வார்க்கப்பட்டதாக அதன் மேலேயே பொறித்திருக்கிறார்கள்.

1901 செப்டம்பர் 28 காலை, ஊரில் தங்கியிருந்த அமெரிக்காவின் 9ஆம் காலாட்படையின் 'சி' கம்பெனி வீரர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தனர். துப்பாக்கிகள் பெரும்பாலும் பாசறைக்குள்ளே இருந்தன. ஊர்க் காவல் தலைவர் வலேரியானோ அபனடோர் காவல் நின்ற வீரன் ஒருவனின் துப்பாக்கியைப் பறித்து அவனை அடித்து வீழ்த்தினார். கோயில் மணி ஒலித்தது; ஊரார் போலோ கத்திகளோடு பாய்ந்தனர். முந்திய நாள் பெண் வேடமிட்ட ஆண்கள் சிறு சவப்பெட்டிகளில் ஆயுதங்களைக் கொண்டுவந்ததாகவும் சொல்லப்படுகிறது. 74 பேர் கொண்ட கம்பெனியில் 48 பேர் இறந்தனர் என்பது பரவலான கணக்கு. அதைக் குறைத்துச் சொல்வோரும் உண்டு. அன்று ஒலித்தது சிறிய மணிதான் என்பது நெடுநாளைய நம்பிக்கை.

மறுநாள் வந்த அமெரிக்கப் படை ஊரைக் கொளுத்தியது. ஆயுதம் ஏந்தக்கூடிய, பத்து வயதுக்கு மேற்பட்ட எவரையும் கொல்லும்படி ஜெனரல் ஜேக்கப் ஸ்மித் ஆணையிட்டார். 1902இல் அவர் இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். கண்டனத்துடன் ஓய்வுபெற வைக்கப்பட்டார். அந்த ஆணையைத் தொடர்ந்த நடவடிக்கையில் சாமரில் மாண்டோர் 2,500 என்பாரும் 50,000 என்பாரும் உளர்.

மணிகள் கைமாறிய கதையிலும் ஒருமித்த கருத்தில்லை. 1902 ஏப்ரலில் படை ஊரை விட்டுக் கிளம்பியபோது ஊராரே சிறிய மணியைப் பரிசளித்தனர் என்பது 9ஆம் படையின் கூற்று. 11ஆம் காலாட்படை 1901 அக்டோபரிலேயே மூன்றையும் எடுத்துச் சென்று, ஒன்றை 9ஆம் படைக்குக் கொடுத்தது என்பது மறுதரப்பு. தீக்கிரையான ஊர் தன்னைத் தாக்கிய படைக்கே கோயில் மணியைப் பரிசளித்திருக்கும் என்பது நம்பக் கடினமானது.

பெரிய மணிகள் இரண்டும் வயோமிங் மாநிலத்தின் ரஸ்ஸல் கோட்டையை, இன்றைய வாரன் விமானப்படைத் தளத்தை, அடைந்தன. சிறியது 9ஆம் படையுடனேயே பயணித்துத் தென் கொரியா வரை போனது.

1990களில் பிலிப்பைன்ஸ் குடியரசுத் தலைவர் ஃபிடல் ராமோஸ் மணிகளைத் திரும்பக் கேட்டார். வயோமிங்கின் முன்னாள் படைவீரர் பலர் எதிர்த்தனர். 2017இல் குடியரசுத் தலைவர் ரோட்ரிகோ டுடெர்டே மீண்டும் கோரினார். 2018 டிசம்பர் 11இல் மணிகள் மணிலா வந்தன. டிசம்பர் 15இல் பலங்கிகாவில் ஒப்படைக்கப்பட்டன.