கோடையில் தண்ணீர் ஊற்றியது யார்?



அமெரிக்காவில் இருக்கும் என் மகள், "அப்பா, ஜூலையில ஒரு வாரம் உங்க பேத்தி ஸ்கூல் தோட்டமும் கோழிகளும் எங்க பொறுப்பு, பேர் கொடுத்துட்டோம்" என்றாள். பள்ளி விடுமுறையில் வாரம் ஒரு குடும்பம் முறைவைத்துப் பார்க்கிறார்களாம். கூலி இல்லை. அந்த வாரத்துத் தக்காளியும் முட்டையும் அவர்களுக்கு. வாத்தியார் புத்தி சும்மா இருக்குமா? இதன் வரலாற்றைக் கொஞ்சம் சொல்கிறேன்.

ஜெர்மனியில் ஃபிரோபெல் 1840இல் தம் மழலையர் பள்ளிக்கு 'கிண்டர்கார்டன்', அதாவது 'குழந்தைகளின் தோட்டம்', என்று பெயர் வைத்தார். அங்கே பிள்ளைகளுக்கு உண்மையாகவே பாத்திகள் இருந்தன. ஆசிரியர் பயிற்சியில் நாங்கள் அவர் பெயரை மனப்பாடம் செய்தோம், பாத்தியை மறந்துவிட்டோம்.

அமெரிக்காவில் 1891இல் பாஸ்டன் நகரின் ராக்ஸ்பரி பகுதிப் பள்ளி ஒன்றில் தோட்டம் வந்தது. 1902இல் நியூயார்க்கில் ஃபேனி பார்சன்ஸ் அம்மையார் ஒரு பூங்கா நிலத்தைச் சீர்படுத்திப் பிள்ளைகளுக்குப் பாத்தி பிரித்துக் கொடுத்தார். முதல் உலகப் போரின்போது அந்நாட்டு அரசே 'பள்ளித் தோட்டப் படை' என்று ஒன்றைத் தொடங்கியது. பிள்ளைகள்தாம் சிப்பாய்கள். அவர்களுக்குள் கேப்டன் உண்டு, சின்னமும் உண்டு. வீட்டில் ஆளுக்கு இரண்டு பெட்டைக்கோழி வளர்க்கச் சொல்லி அரசு சுவரொட்டியும் ஒட்டியது. போர் முடிந்தது, நிதி நின்றது, படையும் கலைந்தது.

அங்கே ஒரு சிக்கல் உண்டு. விதைப்பது வசந்த காலத்தில். ஜூனில் பள்ளி மூடிவிடும். காய்ப்பதோ ஜூலை, ஆகஸ்டில். மணி அடிக்காத மாதங்களில்தான் அறுவடை. அதனால்தான் தொண்டர்கள் வேண்டியிருக்கிறது.

நமக்கு நேர்மாறு. மே மாதக் கத்திரி வெயிலில் அறுவடை ஏது? செடியைச் சாகாமல் காப்பதுதான் வேலை. 1937இல் வார்தாவில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வியில் தோட்ட வேலையும் ஒரு பாடம். 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் கொண்டுவந்தார். 1989இல் அதில் முட்டையும் சேர்ந்தது. பள்ளியில் ஒரு முருங்கை நின்றால் சாம்பாருக்குக் கீரை ஆகும் என்பது சமைத்தவர்களுக்குத் தெரியும்.

நான் வேலை பார்த்த பள்ளிகளில் கண்டது இதுதான். தோட்டம் போட்டவர் பெயர் பதிவேட்டில் இருக்கும். விழா எடுத்திருப்பார்கள், போட்டோவும் இருக்கும். மே மாதம் குடம் சுமந்த ஆயாவின் பெயர் எங்குமே இருக்காது. அவர் வராத வருடம், ஜூனில் வெறும் குச்சிகள்தாம் நிற்கும். பள்ளித் தோட்டத்தின் வரலாறு என்பது உண்மையில் விடுமுறையில் வந்தவர்களின் வரலாறு.

இந்த வருடம் நம் ஊர்ப் பள்ளியில் முருங்கை, பப்பாளி, கீரைப் பாத்தியோடு ஆறு நாட்டுக்கோழிகளும் இருக்கின்றன. தலைமையாசிரியை ஒருவரே எத்தனை நாள் ஓடுவார்? மே மாதத்துக்கு வாரம் இரண்டு பேர் தேவை. வெயில் ஏறும் முன்னும் சாயங்காலமும் செடிக்குத் தண்ணீர், வேரடியில் வைக்கோல் மூடாக்கு. கோழிக்கு நிழலில் தண்ணீர்த் தொட்டி, மதியம் ஒருமுறை மாற்ற வேண்டும். பொழுது சாய்ந்ததும் கூட்டை அடைக்க வேண்டும், கீரி சும்மா இருக்காது. முட்டை உங்களுக்கே.

முதல் வாரம் நான் போகிறேன். துணைக்கு ஒருவர் வேண்டும். மற்ற வாரங்களுக்கு ஊரில் இருப்பவர்கள் கீழே பெயர் எழுதுங்கள். வெளியூர்ப் பிள்ளைகள் விடுமுறைக்கு வரும் தேதியைச் சொன்னால் போதும். இந்த முறை பெயர்களை நானே நோட்டில் எழுதிவைக்கிறேன்.