புகைக்குழாய் இல்லாத கீசர்

1/ ஓசூர் குளிருக்கு பாத்ரூம்ல கேஸ் கீசர் மாட்டியிருக்கீங்களா? இந்த வரலாறு உங்களுக்குத்தான்.

2/ 1868, லண்டன். பெஞ்சமின் மாகன் என்பவர் கேஸில் தண்ணீர் சூடாக்கும் கருவியைச் செய்து 'கீசர்' என்று பெயர் வைத்தார். அதில் புகைக்குழாயே கிடையாது! எரிந்த வாயு முழுக்க அறைக்குள்தான்.

3/ அதில் வரும் ஆபத்து கார்பன் மோனாக்சைடு. சிலிண்டர் கேஸ் கசிந்தால் நாறும்; இது நாறாது. ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாக ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். 1895-லேயே ஹால்டேன் என்ற விஞ்ஞானி, தானே சுவாசித்துப் பார்த்து இதன் விளைவை எழுதிவிட்டார்.

4/ 150 வருஷம் தாண்டியும் அதே தப்பு வேண்டாம். கீசரை பாத்ரூமுக்கு வெளியே மாட்டுங்க. கார் ஷெட்டே ஆனாலும் புகைக்குழாய் வெட்டவெளிக்குப் போகணும். குளிக்கும்போது தலைவலி, தலைசுற்றல் வந்தா உடனே வெளியே வந்துடுங்க.