மண்ணுக்குள் போன வயரும் நாம் மறந்த கணக்கும்



கிணற்று மோட்டருக்கோ பின்வளவு அறைக்கோ முற்றத்தில் கிடங்கு வெட்டி, பைப்புக்குள் வயர் இழுத்து மூடிவிடுகிறோம். "வீட்டுக்குள் ஓடுகிற அதே வயர்தானே, போதும்" என்கிறோம். அந்தப் "போதும்" சரியா என்று கண்டுபிடிக்க உலகம் எத்தனை வருடம் பாடுபட்டது என்பதை இன்று கொஞ்சம் பார்ப்போம்.

1882 செப்டெம்பர் 4ஆம் திகதி, நியூயோர்க்கின் பேர்ள் வீதி மின்நிலையத்தைத் தொமஸ் எடிசன் இயக்கி வைத்தார். கம்பிகள் தூண்களில் தொங்கவில்லை. செப்புக் கோல்களை இரும்புக் குழாய்களில் வைத்து, இடைவெளியைத் தார் போன்ற கலவையால் நிரப்பி, வீதிக்கு அடியில் புதைத்திருந்தார். எடிசனின் ஆய்வுகூடத்தில் வேலை செய்த ஆதர் கெனலி, 1889இல் கம்பிகள் எவ்வளவு கரண்டுக்கு எவ்வளவு சூடாகின்றன என்று அளந்து வெளியிட்டார். கரண்ட் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும். அந்தச் சூடு வெளியேற வழியில்லாவிட்டால் கம்பியின் உறைதான் வேகும்.

1957இல் நெஹர், மெக்ராத் என்ற இரு அமெரிக்கப் பொறியியலாளர்கள் இதற்கு முழுமையான கணக்கு முறையொன்றைத் தந்தார்கள். கம்பியில் பிறக்கும் சூடு உறையையும், பைப்புக்குள் அடைபட்ட காற்றையும், பைப்பின் சுவரையும், கடைசியில் மண்ணையும் தாண்ட வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு தடை. ஈரமண் சூட்டை இலகுவாக வாங்கும்; காய்ந்த மண் வாங்காது.

இதை அலட்சியம் செய்தால் என்ன நடக்கும்? 1998இல் நியூசிலாந்தின் ஒக்லாந்து நகர மையத்துக்கு மின்சாரம் கொடுத்த நான்கு பிரதான நிலத்தடிக் கேபிள்களும் ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் ஒன்றன்பின் ஒன்றாகச் செயலிழந்தன. அது அங்கே கோடைகாலம். நகர மையம் சுமார் ஐந்து வாரம் திண்டாடியது. காரணங்கள் பல. கேபிளைச் சுற்றியிருந்த மண் எதிர்பார்த்த அளவுக்குச் சூட்டைக் கடத்தவில்லை என்பதும் அவற்றில் ஒன்று.

இனி நமது முற்றத்துக்கு வருவோம். பிரித்தானிய அட்டவணைகள் மண்ணின் வெப்பம் 20 பாகை செல்சியஸ் என்று வைத்தே எழுதப்பட்டவை. நமது மண் 30 பாகை என்றால், சாதாரண பீவீசீ வயருக்கு 0.89ஆல் பெருக்க வேண்டும். 100 அம்பியர் 89 ஆகிவிடும். பக்கத்தில் ஒட்டியபடி அதேயளவு சுமையுள்ள இன்னொரு பைப்பும் போனால் மீண்டும் 0.85ஆல் பெருக்க வேண்டும். மிஞ்சுவது சுமார் 76தான்.

ஆனால் நாம் போடுவது 100 அம்பியர் பிரேக்கர். 90 அம்பியர் ஓடினாலும் அது விழாது. வயரின் உறை மண்ணுக்குள் மெல்ல மெல்ல வேகும். வெளியே ஒன்றும் தெரியாது. ஒருநாள் மழை ஈரம் உள்ளே இறங்கும்போது, அந்தக் கிணற்றடியில் வெறுங்காலோடு நிற்பது நமது பிள்ளையாக இருக்கலாம்.

ஆகவே கிடங்கை மூட முன்னர் வயரிங் பாஸிடம் கேளுங்கள்: மண்ணின் சூட்டுக்கும், பக்கத்துப் பைப்புக்கும் கணக்குப் பார்த்தீர்களா? அதற்கு ஏற்ற பிரேக்கர்தானா போட்டீர்கள்? ஓர் அளவு தடித்த வயருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு, மூடிய கிடங்கைத் திரும்ப வெட்டும் கூலியை விடக் குறைவுதான்.