தலைவலி வந்தவர்களிடம் கேட்டு எழுதிய சட்டம்

"தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்" என்பார்கள் நம் ஊர்ப் பெரியவர்கள். அரசாங்க உதவித்தொகை விஷயத்தில் இது நூற்றுக்கு நூறு உண்மை. திட்டம் போடுகிறவர் யாரோ, வரிசையில் நிற்கிறவர் யாரோ! அந்த வரிசையில் நின்றவர்களையே கூப்பிட்டு, "இதை எப்படி மாற்றலாம், நீங்களே சொல்லுங்கள்" என்று ஒரு அரசு கேட்ட கதை இது. இடம் ஸ்காட்லாந்து. ஆண்டு 2017.

முதலில் கொஞ்சம் பின்கதை. பிரிட்டனில் இன்றிருக்கும் சமூகப் பாதுகாப்பு முறைக்கு அடித்தளம் 1942 இல் வில்லியம் பெவரிட்ஜ் கொடுத்த அறிக்கை. போர் முடிந்ததும் அதை வைத்துச் சட்டங்கள் வந்தன. வறுமை, நோய், வேலையின்மை ஆகியவற்றிலிருந்து மக்களைக் காக்க வேண்டும் என்பது பெரிய கனவுதான். ஆனால் காலம் போகப் போக விதிகள் பெருகின, படிவங்கள் நீண்டன, சந்தேகமும் வளர்ந்தது.

2013 இல் மாற்றுத்திறனாளிகளுக்கான பழைய உதவித்தொகைக்குப் பதிலாக 'பிப்' எனப்படும் புதிய தொகை வந்தது. சமைக்க முடியுமா, குளிக்க முடியுமா, எவ்வளவு தூரம் நடக்க முடியும் என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். மதிப்பெண் குறைந்தால் பணம் இல்லை! நேரில் பார்த்து மதிப்பிடும் வேலை தனியார் நிறுவனங்களுக்கு ஒப்பந்தத்தில் கொடுக்கப்பட்டது. முடிவை எதிர்த்துத் தீர்ப்பாயம் வரை போனவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஜெயித்தார்கள் என்றால், முதல் முடிவுகளின் லட்சணத்தைப் புரிந்துகொள்ளலாம். அரசிடமிருந்து வரும் பழுப்பு நிற உறையைப் பிரிக்கவே கை நடுங்கும் நிலை பலருக்கு.

இதற்கிடையே அரசியலில் ஒரு திருப்பம். 2014 செப்டம்பரில் ஸ்காட்லாந்து தனிநாடாக வேண்டுமா என்று வாக்கெடுப்பு நடந்தது. 55 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். ஆனாலும் கூடுதல் அதிகாரம் தருவதாகச் சொல்லியிருந்தார்களே... அதன்படி 2016 ஆம் ஆண்டின் சட்டம் 11 வகை உதவித்தொகைகளை எடின்பரோ அரசின் கைக்கு மாற்றியது. மாற்றுத்திறனாளிகளுக்கான தொகையும் அதில் அடக்கம்.

கையில் வந்ததை அப்படியே நடத்தியிருக்கலாம். அதைச் செய்யாமல் 2017 இல் 'அனுபவக் குழுக்கள்' என்ற ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். அந்த உதவித்தொகைகளை வாங்கிப் பழகிய 2,400க்கும் மேற்பட்டவர்கள் தாமாக முன்வந்து சேர்ந்தார்கள். விண்ணப்பப் படிவத்தில் எந்தக் கேள்வி புரியவில்லை, கடிதத்தின் எந்த வரி பயமுறுத்துகிறது, அலுவலர் எப்படிப் பேச வேண்டும் என்று எல்லாவற்றையும் அவர்களிடம் காட்டிக் கருத்துக் கேட்டார்கள்.

2018 ஏப்ரலில் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத்தை எதிர்ப்பே இல்லாமல் நிறைவேற்றியது. சமூகப் பாதுகாப்பு ஒரு மனித உரிமை என்றும், இந்த முறையை மக்களோடு சேர்ந்தே வடிவமைக்க வேண்டும் என்றும் அந்தச் சட்டமே சொல்கிறது. மதிப்பீட்டு வேலையில் லாப நோக்குள்ள தனியாருக்கு இடமில்லை என்றும் முடிவானது. வாங்கிவந்த தொகையைக் குறைத்தாலோ நிறுத்தினாலோ, அதை எதிர்த்து முறையிடும் காலம் முழுக்கப் பழைய தொகைக்கு ஈடான உதவி கிடைக்கும். முறையீட்டில் தோற்றாலும் அதைத் திருப்பித் தர வேண்டியதில்லை.

எல்லாவற்றையும்விட மனதைத் தொடுவது இன்னொன்று. பழைய விதிப்படி, தீராத நோயாளிக்குச் சீக்கிரமாகப் பணம் கிடைக்க வேண்டுமென்றால் அவர் 6 மாதத்துக்குள் இறக்கக்கூடும் என்று எதிர்பார்க்கப்பட வேண்டும். எந்த மருத்துவரால் அப்படி நாள் குறிக்க முடியும்? நோயாளிகளுக்காகப் பாடுபடும் தொண்டு நிறுவனங்கள் போராடின. ஸ்காட்லாந்தின் சட்டத்தில் மாதக் கணக்கே இல்லாமல் போனது. மருத்துவரின் தீர்மானம் போதும். பிரிட்டனின் மற்ற பகுதிகளில் 'பிப்' தொகைக்கு அந்த 6 மாதம் 12 மாதமாக மாறியது 2023 இல்தான்.

அப்படியானால் எல்லாம் சுபமா? இல்லை. 'பிப்' தொகைக்குப் பதிலாக 2022 இல் ஸ்காட்லாந்து கொண்டுவந்த புதிய தொகையிலும் மதிப்பெண் முறை பெரும்பாலும் பழையபடியே இருந்தது. 20 மீட்டருக்கு மேல் நடக்க முடிந்தால் நடமாட்டத்துக்கான உயர்ந்த தொகை கிடைக்காது என்ற விதியை மாற்றுங்கள் என்று பலர் கேட்டும் அது மாறவில்லை. ஏற்கனவே வாங்குபவர்களைப் பாதுகாப்பாகப் புது முறைக்குக் கொண்டுவருவதே முதல் வேலை என்றது அரசு. தொடக்கத்தில் முடிவுக்காகப் பல மாதம் காத்திருந்தவர்களும் உண்டு. லண்டனிலிருந்து இதற்காக வரும் நிதியைவிடச் செலவு அதிகமாகிவிட்டது என்பது வரவு செலவுப் பக்கத்துத் தலைவலி.

கூர்ந்து பார்த்தால் ஒன்று விளங்கும். எப்படி நடத்த வேண்டும் என்ற கேள்விக்கு மக்களின் பதில் பெரிதும் ஏற்கப்பட்டது. யாருக்கு, எவ்வளவு என்ற கேள்வி வந்தபோது பேனா மீண்டும் அரசின் கைக்கே போய்விட்டது. கருத்துக் கேட்பதும் அதிகாரத்தைப் பகிர்வதும் ஒன்றல்ல!

ஆனாலும் கிடைத்தது சின்ன விஷயமில்லை. மக்கள் எத்தகைய நடத்தையை எதிர்பார்க்கலாம் என்று சொல்லும் சாசனம் 2019 ஜனவரியில் வெளியானது. அதையும் உதவித்தொகை வாங்குபவர்களோடு உட்கார்ந்துதான் எழுதினார்கள். ஐந்து ஆண்டுகளுக்குள் அதை மறுஆய்வு செய்ய வேண்டும், அப்போதும் அவர்களைக் கேட்க வேண்டும் என்பது சட்டம். ஒருமுறை கேட்டோமே, போதாதா என்று எந்த அரசும் இனி அங்கே சொல்ல முடியாது.