கூட்டத்தின் ஓரத்தில் நின்றோர்

திருவந்திபுரத்தில் வடக்கு நோக்கித் திரும்பி ஓடும் கெடில நதி, பின்னர்க் கிழக்கே சென்று கடலூரில் கடலோடு கலக்கிறது. ஏறக்குறைய அதே வழியில்தான் நம்முடைய பொது வாழ்வும் தொடங்கிற்று. எக்கட்சித் தலைவர் வந்தாலும் மஞ்சக்குப்பம் மைதானத்தில் பொதுக்கூட்டம் நடக்கும். பகல் வேலை முடிந்ததும் நாம் சிலர் கடலூருக்கு நடந்து செல்வோம். நாம் எக்கட்சியின் உறுப்பினரும் அல்லோம். எப்பத்திரிகையின் நிருபரும் அல்லோம். மைதானத்தின் ஓரத்தில் வேர்க்கடலை வண்டியின் விளக்கருகே நின்று, பள்ளி நோட்டுப் புத்தகத்தில் பேச்சைக் குறித்துக்கொள்வோம். மறுநாள் தெருவில் அமர்ந்து, எழுத்தறியாப் பெரியவர்களுக்கு அதைப் படித்துக் காட்டுவோம்.

ஒரு முறை ஏழு பக்கம் எழுதி வந்து பெருமையோடு படித்து முடித்தோம். முழுவதையும் கேட்ட பெரியவர் ஒருவர், "அதெல்லாம் இருக்கட்டும் தம்பி, நம்ம சுடுகாட்டுப் பாதையைப் பத்தி யாராச்சும் ஒரு வார்த்தை சொன்னாங்களா?" என்று கேட்டார். ஏழு பக்கத்தையும் புரட்டினோம். ஒரு வரியும் இல்லை. அன்றுதான், கூட்டத்திற்குச் செல்வது வேறு, கூட்டத்தில் நம் குரல் இருப்பது வேறு என்பதை உணர்ந்தோம்.

இவ்வெள்ளி விழா மலரில் இளைஞர்களுக்கு நாம் கூற விரும்புவது இது பற்றியே. பொதுக்கூட்டத்திற்குச் செல்லவும், அங்கே நிற்கவும், கேட்கவும், வினா எழுப்பவும், அதை எழுதி வைக்கவும் நமக்குள்ள உரிமைகள் ஒரே நாளில் வந்தவை அல்ல. ஒவ்வொன்றையும் நம் முன்னோர் தனித்தனியே போராடிப் பெற்றனர்.

கேட்டவரும் எழுதியவரும்

1892-ஆம் ஆண்டு சென்னை மகாஜன சபையார் கூட்டிய மாநாட்டிற்கு நீலகிரியிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் சென்றார். நாட்டின் குறைகளைப் பேசக் கூடிய அச்சபையில் எழுந்து, எம் மக்களை ஆலயங்களுக்குள் விடாதது ஏன் என்று கேட்டார். சபையில் எதிர்ப்பு எழுந்தது. அவர் அத்துடன் வெளியேறிவிடவில்லை. ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசக் கல்வியும், தரிசாகக் கிடக்கும் நிலமும் வேண்டும் என்ற கோரிக்கைகளை முன்வைத்தார். அன்று நடந்தவற்றைப் பின்னாளில் தம் எழுத்தில் பதிந்தும் வைத்தார். அவர் எழுதியிராவிட்டால் அச்சபையில் நம் வினா ஒலித்தது என்பதை இன்று நாம் அறியும் வழி ஏது?

அடுத்த ஆண்டு, 1893-இல், இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்ற இதழைத் தொடங்கினார். எப்பெயரைச் சொல்லிப் பிறர் நம்மை இழிவு செய்தனரோ, அப்பெயரையே இதழின் தலைப்பாக இட்ட துணிவை எண்ணிப் பார்க்க வேண்டும். ஐ.சி.எஸ். தேர்வை இங்கிலாந்தில் மட்டுமின்றி இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் அக்காலத்தில் கோரி வந்தது. அவ்வாறு நடத்தினால் ஆட்சிப் பதவிகள் யாவும் மேல்சாதியார் கைக்கே போகும் என்று நம்மவர் அஞ்சினர். 1893 டிசம்பர் 23 அன்று சென்னை வெஸ்லியன் மிஷன் மண்டபத்தில் கூடி, அதனை எதிர்த்து பிரிட்டிஷ் நாடாளுமன்றத்திற்கு மனு அனுப்பத் தீர்மானித்தனர். அம்மனுவில் 3,412 பேர் கையொப்பமிட்டனர். அதன் நீளம் 112 அடி. எழுத்தறிவு மிக அரிதாயிருந்த காலத்தில் அத்தனை பேரின் கையொப்பத்தைத் திரட்டுவதற்கு எத்தனை சேரிகளில் எத்தனை சிறு கூட்டங்கள் நடந்திருக்க வேண்டும்! அக்கோரிக்கை சரியா தவறா என்பதில் இன்று கருத்து வேறுபாடு இருக்கலாம். கூடிப் பேசி, முடிவெடுத்து, எழுதி அனுப்பும் முறையை அவர்கள் அன்றே கைக்கொண்டனர் என்பதில் வேறுபாட்டிற்கு இடமில்லை.

நடக்கும் உரிமை

பேச்சுரிமை என்றவுடன் மேடையும் ஒலிபெருக்கியும் நம் நினைவுக்கு வருகின்றன. மேடைக்குச் செல்ல முதலில் தெரு வழியே நடந்தாக வேண்டும் அல்லவா? லண்டன் ஹைடு பூங்காவில் 1866-இல் வாக்குரிமை கோரிக் கூட வந்த தொழிலாளர்களின் முன் பூங்காக் கதவுகள் பூட்டப்பட்டன. மக்கள் கம்பி வேலியைச் சாய்த்து உள்ளே சென்றனர். அவர்களுக்குப் பூட்டியது பூங்கா ஒன்றே. நமக்கோ ஊரின் தெருக்களே பூட்டிக் கிடந்தன.

சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம் 1924 ஆகஸ்டு 22 அன்று நிறைவேறியது. பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், அலுவலகம், மக்கள் கூடும் பொது இடம் ஆகியவற்றை எச்சாதியாரும் பயன்படுத்தத் தடையில்லை என்பது அதன் சாரம். அவ்வாண்டு செப்டம்பரில் அது அரசாணையாக வெளிவந்தது. ஆணை வெளிவந்தது கொண்டு எல்லா ஊரிலும் தெரு திறந்துவிடவில்லை. எனினும் தடுப்பவனே சட்டத்திற்குப் புறம்பானவன் என்ற நிலை அன்று உண்டாயிற்று.

நம் மாவட்டத்தில் இதற்கான அடித்தளத்தைக் கல்வியின் வழியே இட்டவர் சுவாமி சகஜானந்தர். அவர் 1916-இல் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவினார், சட்டமன்றத்திலும் பல்லாண்டுகள் நம் மக்களுக்காகப் பேசினார், 1959-இல் மறைந்தார். சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து வந்து அங்கே தங்கிப் படித்த பிள்ளைகள் எழுத்தை மட்டுமா கற்றனர்? நால்வர் நடுவே எழுந்து நின்று பேசும் நாவையும் பெற்றனர். காட்டுமன்னார்கோயிலைச் சேர்ந்த எல். இளையபெருமாள் 1952-இல் நாடாளுமன்ற உறுப்பினரானார். பின்னர் 1965-இல் மத்திய அரசு அமைத்த தீண்டாமை ஆய்வுக் குழுவிற்குத் தலைமை ஏற்று, பல மாநிலங்களில் மக்களிடம் நேரில் கேட்டறிந்து, 1969-இல் அறிக்கை அளித்தார். கேட்பதும் குறிப்பதும் எத்துணைப் பெரிய தொண்டாகலாம் என்பதற்கு நம் மண்ணின் மைந்தரே சான்று.

பேசவிடாத மாநாடு

பேச அழைத்துவிட்டுப் பேசவிடாமல் செய்த நிகழ்ச்சியும் நம் வரலாற்றில் உண்டு. 1936-இல் லாகூரில் சாதி ஒழிப்புச் சங்கம் ஒன்று தன் மாநாட்டிற்குத் தலைமை ஏற்க டாக்டர் அம்பேத்கரை அழைத்தது. அவர் எழுதிய தலைமை உரையைக் கண்ட சங்கத்தார் சில பகுதிகளை மாற்றக் கோரினர். ஒரு காற்புள்ளியையும் மாற்ற அவர் இசையவில்லை, மாநாடு கைவிடப்பட்டது. அவ்வுரையை அவரே நூலாக அச்சிட்டு வெளியிட்டார். தமிழில் அது 'குடிஅரசு' வாயிலாக நம்மை எட்டியது. மேடையில் தடுக்கப்பட்ட சொல் அச்சில் ஏறி, அம்மாநாட்டின் பந்தலுக்குள் அடங்கியிருக்கக் கூடியவரினும் பன்மடங்கு மக்களைச் சென்றடைந்தது.

நம் கெடிலக் கரையிலும் ஒரு நிகழ்ச்சி உண்டு. 1944-இல் கடலூரில் பேசிவிட்டு ரிக்‌ஷாவில் திரும்பிய பெரியார்மீது செருப்பு வீசப்பட்டது. விழுந்தது ஒற்றைச் செருப்பு. வண்டியைத் திருப்பச் சொல்லி, மற்றொன்றையும் அவர் எடுத்து வந்தார் என்பது இப்பகுதியில் வழிவழியாகக் கூறப்படும் செய்தி. அதன் நினைவாக 1972-இல் கெடிலப் பாலத்தருகே அவருக்குச் சிலை எழுந்தது. கடலூர் செல்லும் நம் இளைஞர்கள் அச்சிலையைக் கடந்தே செல்கின்றனர். அது எதனால் அங்கு நிற்கிறது என்பதை அறிந்து கடக்க வேண்டும்.

சட்டம் தந்ததும் வரம்பிட்டதும்

1950 ஜனவரி 26-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 19-ஆம் பிரிவு, பேச்சுரிமையையும் ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையையும் அளித்தது. அதன் முதற்சோதனைகளில் ஒன்று சென்னை மாகாணத்திலேயே எழுந்தது. 'கிராஸ் ரோட்ஸ்' என்ற ஆங்கில வார ஏட்டினை மாகாணத்துள் வரவொட்டாமல் சென்னை அரசு தடுத்தது. அதன் ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் வழக்குத் தொடுத்தார். 1950 மே மாதம் உச்ச நீதிமன்றம் அத்தடையைச் செல்லாதென்றது. செண்பகம் துரைராஜன் வழக்கிலோ, 1951-இல், கல்லூரிகளில் வகுப்புவாரி இடம் அளித்த சென்னை அரசின் ஆணையை அதே நீதிமன்றம் செல்லாதென்றது. தமிழ்நாட்டில் கிளர்ச்சி எழுந்தது.

இவ்விரு வகைத் தீர்ப்புகளுக்கும் விடையாக வந்ததே 1951 ஜூன் மாதத்து முதல் அரசியலமைப்புத் திருத்தம். அது 15(4) என்ற உட்பிரிவைச் சேர்த்து, நம் பிள்ளைகள் கல்லூரி புகும் வழியை உறுதி செய்தது. அதே திருத்தம் பொது ஒழுங்கு என்ற காரணத்தைச் சேர்த்துப் பேச்சுரிமைக்கு வரம்பும் கட்டியது. அவ்வரம்பு நியாயமானதாக இருத்தல் வேண்டும் என்ற காப்பையும் உடன் வைத்தது. இத்திருத்தத்தை ஒரு பாதி மட்டும் படித்தவர் பலர். முழுவதும் படிப்பது நம் கடமை. ஏனெனில் இரு பாதியும் நம்மைத் தொடுகின்றன.

1972-இல், அகமதாபாத்திலிருந்து சென்ற வழக்கொன்றில், பொதுத் தெருவில் கூட்டம் நடத்தும் அனுமதியை மறுக்க வரையறையற்ற அதிகாரம் காவல்துறைக்குக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. ஒழுங்குபடுத்தலாம், விருப்பம் போல் மறுத்தலாகாது. கொடி கட்டவும் சிலைக்கு மாலையிடவும் அனுமதி கேட்டு நிற்கும் நம் இளைஞர்கள் மனப்பாடம் செய்ய வேண்டிய செய்தி இது.

நெருக்கடிநிலை 1975 ஜூனில் வந்தது. பத்திரிகைகள் தணிக்கைக்கு உட்பட்டன. தமிழ்நாட்டில் 1976 ஜனவரி 31-இல் மாநில ஆட்சி கலைக்கப்பட்ட பின் அடக்குமுறை கடுமையாயிற்று. கூட்டமும் இல்லை, குறிப்பெடுக்கப் பேச்சும் இல்லை. நம் நோட்டுப் புத்தகங்களை வீட்டுப் பெண்கள் அரிசிப் பானைக்குள் வைத்துக் காத்தனர். அவற்றில் அரசாங்கத்தைக் கவிழ்க்கும் செய்தி எதுவும் இருந்ததில்லை. இருந்தும் அஞ்சினோம். பேச்சுரிமை பறிபோகும் காலத்தில் பேசுபவர் மட்டுமல்லர், கேட்டவரும் அஞ்ச நேரிடும் என்பதை அவ்வாறு கற்றோம்.

நமக்குக் கசந்த ஒரு தீர்ப்பையும் மறைத்தல் முறையன்று. இடஒதுக்கீட்டு முறையைக் குறை கூறிய 'ஒரே ஒரு கிராமத்திலே' என்ற திரைப்படத்தின் தணிக்கைச் சான்றை உயர் நீதிமன்றம் நீக்கிற்று. 1989-இல் உச்ச நீதிமன்றம் அதனை மீட்டளித்தது. எதிர்ப்பும் ஆர்ப்பாட்டமும் எழும் என்ற அச்சுறுத்தலுக்காகக் கருத்துரிமையை அடக்க இயலாது என்றது. இடஒதுக்கீட்டால் படித்த நமக்கு அப்படம் நோவு தருவதே. ஆயினும் எண்ணிப் பாருங்கள். கலவரம் வரும் என்று சொல்லி நம் ஊர்வலத்தையும் நம் கூட்டத்தையும் எத்தனை முறை தடுத்திருக்கின்றனர்? மிரட்டுவோரின் கூச்சல் உரிமையை அளக்கும் கோலாகக் கூடாது என்ற விதி, மிகுதியாகத் தேவைப்படுவது எண்ணிக்கையிலும் செல்வாக்கிலும் குறைந்த நமக்கே. பிடிக்காத பேச்சை மறுபேச்சால் எதிர்ப்போம்; அதற்காகவே நம் பிள்ளைகளைப் படிக்க வைத்தோம்.

லாரியில் ஏறுமுன்

இனி அச்சுடுகாட்டுப் பாதைக்கு வருவோம். அப்பெரியவரின் வினாவிற்குப் பின், அடுத்த கூட்டத்தில் ஒரு துண்டுச் சீட்டு எழுதி மேடைக்கு அனுப்பினோம். அது படிக்கப்படவில்லை. அடுத்த கூட்டத்தில், வேறொரு கட்சியின் மேடைக்கு, அதே வினாவை அனுப்பினோம். மூன்றாம் முறை ஒருவர் சீட்டை உரக்கப் படித்து, ஆவன செய்வதாக வாக்களித்தார். தேதியையும், இடத்தையும், அவர் கூறிய சொற்களையும் அப்படியே எழுதிக்கொண்டோம். பாதை உடனே வந்துவிடவில்லை; பல ஆண்டுகள் சென்றன. அதற்குள் வினா எழுப்பிய பெரியவரும் இறந்தார். வயல் வரப்பின் மீதே அவரைத் தூக்கிச் சென்றோம். ஆனால் ஒவ்வொரு மனுவிலும், இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்ன வாக்குறுதி தரப்பட்டது என்று எழுத நம்மால் முடிந்தது. அவ்வாறு எவரும் கூறவில்லை என்று ஒருவராலும் மறுக்க முடியவில்லை. இறுதியில் பாதை வந்தது.

இன்று கூட்டத்திற்கு நடக்க வேண்டியதில்லை. லாரியும் வேனும் தெருமுனைக்கே வருகின்றன. சோற்றுப் பொட்டலமும் கைச்செலவுக்குப் பணமும் தருகின்றனர். ஏறாதே என்று நாம் கூறவில்லை. எக்கட்சிக்குச் செல்வது என்பது அவரவர் உரிமை. ஆனால் தலை எண்ணிக்கைக்காக மட்டும் சென்று திரும்புவது, அயோத்திதாசர் எழுந்து நின்ற சபையில் நாம் வாய்மூடி அமர்வதற்கு ஒப்பாகும். சட்டைப் பையில் ஒரு சிறு நோட்டும் ஒரு பேனாவும் இருக்கட்டும். யார் பேசினார், எப்போது, எங்கே, என்ன வாக்குத் தந்தார், நம்மைப் பற்றி என்ன சொன்னார், என்ன சொல்லாமல் விட்டார் என்பதை எழுதுங்கள். கைப்பேசியில் படமெடுப்பது நன்றே. ஆனால் படம் கேள்வி கேட்காது. நமக்குப் பிடித்த தலைவரின் பேச்சையும் பிடிக்காதவரின் பேச்சையும் ஒரே நேர்மையோடு குறியுங்கள். நம் பெண்களும் முன்வந்து குறிக்க வேண்டும். நோட்டுகளைக் காத்த அவர்கள் கையே இனி எழுதவும் வேண்டும்.

நம் கல்விச் சங்கத்தின் நூலகத்தில் இவ்வெள்ளி விழா ஆண்டு முதல் 'கூட்டக் குறிப்பேடு' ஒன்றைத் தொடங்க வேண்டும் என்பது நம் வேண்டுகோள். நம்மிடம் எஞ்சியுள்ள பழைய நோட்டுகளை, ஈரம் பட்டு மை கலைந்தவற்றையும் சேர்த்து, அதன் முதற்பகுதியாக ஒப்படைக்கிறோம். அவற்றில் நம்மைப் பற்றி எதுவும் இல்லாத அந்த ஏழு பக்கங்களும் உள்ளன. இளைஞர்கள் அவற்றை முதலில் படிக்கட்டும். பின் எட்டாம் பக்கத்தை எழுதட்டும்.